மதிப்பெண் பட்டியலில் இல்லாத கேள்வி: ஆள்கடத்தல் மீட்புப் பணமும் ஆயர்கள் பேரவையும்

2011 அக்டோபர் 10ஆம் தேதியோடு அமெரிக்காவில் ஓர் அரசு ஒப்பந்தம் முடிந்துபோனது. ஆள்கடத்தல்காரர்களிடமிருந்து தப்பிய அல்லது மீட்கப்பட்ட வெளிநாட்டவருக்குத் தங்க இடம், சாப்பாடு, வைத்தியம், மொழிபெயர்ப்பாளர், சட்ட உதவி என்று தேவையானதை ஏற்பாடு செய்து தருகிற வேலை அது. 2006 ஏப்ரலில் இருந்து அந்த வேலையைக் கையில் வைத்திருந்தது அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் (பிஷப்புகள்) பேரவை. அடுத்த சுற்றுக்கும் விண்ணப்பித்தார்கள், நல்ல மதிப்பெண்ணும் வாங்கினார்கள், ஆனால் பணம் வேறு மூன்று அமைப்புகளுக்குப் போனது. கருக்கலைப்புக்கோ கருத்தடைக்கோ யாரையும் வழிகாட்டி அனுப்ப மாட்டோம் என்று பேரவை சொன்னதால்தான் இப்படி ஆனது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

இந்த விவகாரத்தைப் பற்றி வந்த எழுத்துகளில் பெரும்பாலானவை இரண்டே வகை. ஒரு தரப்புக்கு இது ஒபாமா அரசு மத சுதந்திரத்தின் மேல் கை வைத்த கதை. மறு தரப்புக்கு இது பெண்களின் உடல்மீது திருச்சபை அதிகாரம் செலுத்திய கதை. இரண்டிலும் விஷயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நடந்ததைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தால் எனக்குப் படுவது வேறு. சண்டை 2011இல் ஆரம்பிக்கவில்லை, 2009இல் வழக்குப் போட்டபோதும் ஆரம்பிக்கவில்லை. 2005இல் அதிகாரிகள் உட்கார்ந்து இந்தப் பணத்தை எந்த வழியாகப் பட்டுவாடா செய்வது என்று முடிவெடுத்தார்களே, அங்கேயே பாதி தீர்மானமாகிவிட்டது.

பணம் வந்த வழி

1995 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் எல் மான்டே ஊரில், முள்கம்பி சுற்றிய ஒரு குடியிருப்புக்குள் அடைத்து வைத்துத் தையல் வேலை வாங்கப்பட்ட 72 தாய்லாந்துத் தொழிலாளர்களை அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். மீட்ட கையோடு அவர்களைக் கொண்டுபோய் வைத்த இடம் குடிவரவுத் துறையின் தடுப்புக் காவல். அவர்களுக்கென்று வேறு ஏற்பாடு எதுவும் அன்றைக்குச் சட்டத்தில் கிடையாது. விசா இல்லாதவர் என்றால் குற்றவாளி, அவ்வளவுதான்.

இதை மாற்றியது 2000 அக்டோபர் 28 அன்று கிளின்டன் கையெழுத்திட்ட ஆள்கடத்தல் பாதிப்பாளர் பாதுகாப்புச் சட்டம். பாதிக்கப்பட்டவர் வெளிநாட்டவராக இருந்தாலும், விசா இல்லாதவராக இருந்தாலும், ஓர் அகதிக்குக் கிடைக்கும் உதவிகளெல்லாம் அவருக்கும் கிடைக்கும் என்றது அந்தச் சட்டம். ஆண்டுக்கு 5,000 வரை டி விசா என்று ஒரு தனி விசாவையும் உருவாக்கியது. பாதிக்கப்பட்டவர் என்றதும் பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட பெண் மட்டும்தான் நினைவுக்கு வருகிறது, ஆனால் இதே காலகட்டத்தில் மிசிசிப்பியின் பாஸ்ககூலாவில் சிக்னல் இன்டர்நேஷனல் என்ற கப்பல் பழுதுபார்க்கும் நிறுவனத்துக்காக இந்தியாவிலிருந்து போன சுமார் 500 வெல்டர்களும் பைப் ஃபிட்டர்களும் கூட இந்தச் சட்டத்தின் கீழ்தான் நியாயம் கேட்டார்கள். கிரீன் கார்டு வாங்கித் தருகிறோம் என்று சொல்லி லட்சக்கணக்கில் பணம் கறந்து, கொண்டுபோய்த் தொழிலாளர் முகாமில் அடைத்தார்கள். 2015இல் நியூ ஆர்லியன்ஸ் ஜூரி அவர்களில் ஐந்து பேருக்கு மட்டும் 1.4 கோடி டாலர் இழப்பீடு கொடுத்தது. இது கிளைக்கதைதான், ஆனால் இந்தப் பணம் யாருக்கானது என்பதை மனதில் வைத்துக்கொள்ள உதவும்.

சட்டம் உதவி தருகிறேன் என்று சொல்லிவிட்டது. கொடுப்பது யார்? மத்திய அரசின் சுகாதாரம் மற்றும் மனித சேவைகள் துறைக்கு ஊர் ஊராகத் தங்குமிடமும் கிடையாது, ஆளும் கிடையாது. அதனால் முதலில் அங்கங்கே உள்ள தொண்டு நிறுவனங்களுக்கு நேரடியாக மானியம் கொடுத்தார்கள். இதில் ஒரு நிஜமான கஷ்டம் இருந்தது. மானியம் வாங்கிய அமைப்பு ஒரு நகரத்தில் இருக்கும், பாதிக்கப்பட்டவர் ஆயிரம் மைல் தள்ளி இன்னொரு மாநிலத்தின் கோழிப் பண்ணையில் கிடைப்பார். இங்கே பணம் இருக்கிறது ஆள் இல்லை, அங்கே ஆள் இருக்கிறார் பணம் இல்லை.

அதற்குத்தான் 2005இல் புது யோசனை வந்தது. தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. நாடு முழுவதற்கும் ஒரே ஒரு முதன்மை ஒப்பந்தக்காரர். எந்த ஊரில் பாதிக்கப்பட்டவர் கிடைத்தாலும் அந்த ஊரில் உள்ள அமைப்போடு அவர் துணை ஒப்பந்தம் போட்டு, ஒருவருக்கு மாதத்துக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டு, பிறகு அரசிடம் வாங்கிக்கொள்வார். அரசுக்கும் ஒரே கையெழுத்தில் வேலை முடிந்தது. படிக்கும்போது நல்ல திட்டமாகத்தான் தெரிகிறது. உண்மையில் அது தீர்க்க வந்த பிரச்சினையைத் தீர்க்கவும் செய்தது, துணை ஒப்பந்தத்தில் சேர்ந்த அமைப்புகள் 100ஐத் தாண்டின.

ஆனால் இப்படி ஒரே வாசலாக ஆக்கும்போது, வாசலில் நிற்பவரின் நிபந்தனை நாடு முழுவதற்கும் நிபந்தனையாகிவிடும். பல வாசல் இருந்தால் ஒருவர் இல்லை என்பதை இன்னொருவர் உண்டு என்பார். பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு எங்கே போவது என்ற தேர்வாவது மிஞ்சும். 2005இல் இந்த ஒப்பந்தத்துக்கு விண்ணப்பம் கேட்டு அறிவிக்கை எழுதியவர்கள் இதை யோசித்ததாகத் தெரியவில்லை.

இரண்டே விண்ணப்பங்கள்

அறிவிக்கைக்கு வந்த விண்ணப்பங்கள் இரண்டுதான். ஒன்று ஆயர்கள் பேரவை, இன்னொன்று சால்வேஷன் ஆர்மி. இரண்டுமே கிறிஸ்தவ அமைப்புகள். இதில் சதி எதுவும் இல்லை, நாடு முழுக்க ஆளும் அலுவலகமும் வைத்திருக்கிற அமைப்பு வேண்டும் என்று கேட்டால் அங்கே தேவாலயங்கள்தான் வரும். அகதிகளைக் குடியமர்த்துவதில் ஆயர்கள் பேரவைதான் அன்றைக்கு அந்த நாட்டிலேயே பெரிய கை. ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதியான மறைமாவட்டம் கிட்டத்தட்ட ஒவ்வொன்றிலும் ஒரு கத்தோலிக்கச் சேவை அலுவலகம் இருந்தது.

பேரவை எதையும் ஒளிக்கவும் இல்லை. விண்ணப்பத்திலேயே தெளிவாக எழுதியிருந்தார்கள்: நாங்கள் கத்தோலிக்க அமைப்பு, எங்கள் நம்பிக்கைக்கு எதிரான காரியங்களுக்கு இந்தச் சேவை பயன்படக் கூடாது, துணை ஒப்பந்தக்காரர்கள் கருக்கலைப்புக்கு அனுப்பவோ கருத்தடைச் சாதனங்கள் கொடுக்கவோ இந்தப் பணத்தைப் பயன்படுத்தக் கூடாது. அதாவது தாங்கள் செய்ய மாட்டோம் என்பதோடு நிற்கவில்லை, தங்களிடம் பணம் வாங்குகிற யாரும் செய்யக் கூடாது என்றார்கள். அந்த யாரும் என்பதில் கத்தோலிக்கத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத அமைப்புகளும் அடக்கம்.

விண்ணப்பத்தைப் பரிசீலித்தவர்கள் இதைக் கவனித்தார்கள். துறை ஒரு சமரசமும் பேசிப் பார்த்தது: யாரும் கேட்க வேண்டாம், யாரும் சொல்லவும் வேண்டாம், துணை அமைப்புகள் தங்கள் போக்கில் போகட்டும், சரியா? பேரவை முடியாது என்றது. அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் அது நேர்மையான பதில்தான், கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட அவர்கள் தயாராக இல்லை. ஆனால் அந்த இடத்தில் துறைக்கு வேறு வழிகள் இருந்தன. நிபந்தனையை ஏற்க முடியாது என்று சொல்லியிருக்கலாம், அந்தச் சேவைக்கு மட்டும் தனியாக இன்னொரு வழி வைத்திருக்கலாம், இன்னொரு விண்ணப்பதாரரிடம் பேசியிருக்கலாம். எதுவும் செய்யாமல் 2006 ஏப்ரலில் ஒப்பந்தத்தைக் கொடுத்துவிட்டார்கள். பேரவையின் நிபந்தனை இப்போது அரசு ஒப்பந்தத்தின் ஒரு பகுதி. அடுத்த ஐந்தரை ஆண்டுகளில் அதன் வழியாகப் போன பணம் 1.5 கோடி டாலருக்கும் மேல்.

களத்தில் இதற்கு என்ன அர்த்தம்? பாலியல் தொழிலில் அடைத்து வைக்கப்பட்டிருந்த ஒரு பெண் வெளியே வருகிறார். கர்ப்பமாக இருக்கலாம், அந்தக் கர்ப்பம் வன்புணர்வால் வந்ததாக இருக்கலாம். மத்திய அரசுப் பணத்தில் கருக்கலைப்பு கூடாது என்ற ஹைட் திருத்தம்கூட வன்புணர்வு, நெருங்கிய உறவினரால் வந்த கர்ப்பம், தாயின் உயிருக்கு ஆபத்து ஆகியவற்றுக்கு விலக்கு தருகிறது. அதாவது நாட்டின் சட்டமே அனுமதித்த இடத்தை இந்த ஒப்பந்தம் மூடியது. அப்புறம், ஆணுறை. பால்வினை நோய் அபாயத்தில் இருக்கிற ஒருவருக்கு, அவரைக் கவனித்துக்கொள்ளும் ஊழியரான கேஸ் மேனேஜர் இந்தப் பணத்தில் ஆணுறை வாங்கித் தர முடியாது.

பணத்தைத்தானே தடுத்தார்கள், சொந்தப் பணத்தில் செய்துகொள்ளலாமே என்று ஒருவர் கேட்கலாம். பரிந்துரை என்பதற்குத் தனியாக எந்தச் செலவும் இல்லை, அது ஒரு தொலைபேசி எண்ணும் பத்து நிமிடப் பேச்சும்தான். அந்தப் பத்து நிமிடத்துக்கான சம்பளம் வருவது இந்தத் தலைக்கணக்குப் பணத்தில். மூன்று பேர் வேலை செய்கிற ஒரு சின்ன அமைப்பில் எந்தப் பத்து நிமிடம் யாருடைய காசு என்று பிரித்துக் காட்டுவது நடக்கிற காரியமா? பிரச்சினை எதற்கு என்று வாயை மூடிக்கொள்வதுதான் சுலபம். மானியத்தில் ஓடுகிற எந்த அமைப்பிலும் வேலை பார்த்தவர்களுக்கு இந்த மௌனம் பழக்கமானது.

வழக்குப் போட யாருக்கு உரிமை

2009 ஜனவரியில் ஏசிஎல்யூ எனப்படும் அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கத்தின் மாசசூசெட்ஸ் கிளை இந்த நிபந்தனையை எதிர்த்து பாஸ்டன் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. புஷ் ஆட்சியின் கடைசி நாட்கள் அவை. வழக்கு நடந்ததோ ஒபாமாவின் சுகாதாரத் துறை அமைச்சர் கேத்லீன் செபீலியஸ் பெயரில். அவரும் கத்தோலிக்கர்தான். முந்தைய அரசு போட்ட ஒப்பந்தத்தைக் காப்பாற்றி வாதாட வேண்டிய வேலை அடுத்த அரசின் தலையில் விழுந்தது.

இந்த வழக்கில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது மத விஷயம் இல்லை, வாதி யார் என்பதுதான். பாதிக்கப்பட்ட பெண் ஒருவரும் வழக்குத் தொடுக்கவில்லை. எப்படித் தொடுப்பார்? விசா இன்னும் வரவில்லை, கடத்தியவனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது, தங்கியிருப்பதோ இதே பணத்தில். துணை ஒப்பந்த அமைப்புகளும் முன்னே வரவில்லை, அவர்களுக்கும் வரவேண்டிய காசு அங்கேதான் இருக்கிறது. கடைசியில் வரி கட்டுவோர் என்ற முறையில்தான் ஏசிஎல்யூ உள்ளே வந்தது. என் வரிப்பணத்தை மதத்துக்காகச் செலவழிக்காதே என்று கேட்கும் உரிமையை 1968இல் ஃபிளாஸ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு சிறிய கதவாகத் திறந்து வைத்திருந்தது. 2007இல் ஹெய்ன் வழக்கில் அந்தக் கதவையும் பாதி சாத்திவிட்டார்கள்: நாடாளுமன்றம் குறிப்பிட்ட வேலைக்கென்று ஒதுக்கிய பணமாக இருந்தால்தான் கேட்கலாம், நிர்வாகம் தன் பொதுச் செலவிலிருந்து எடுத்துச் செய்தால் கேட்க முடியாது. ஆள்கடத்தல் சட்டத்தின் பணம் முதல் வகை என்று நீதிபதி ரிச்சர்ட் ஸ்டெர்ன்ஸ் ஏற்றுக்கொண்டதால்தான் வழக்கு நின்றது. கொஞ்சம் மாறியிருந்தாலும் இந்த நிபந்தனை சரியா தவறா என்று கேட்கவே ஆள் இருந்திருக்காது.

2011: அதே தவறு, மறுபக்கம் திரும்பி

வழக்கு இழுத்துக்கொண்டிருந்தபோதே ஒப்பந்தக் காலம் முடிய வந்தது. 2011இல் துறை புதிய மானிய அறிவிக்கையை வெளியிட்டது. அதில் ஒரு புதிய வரி: குடும்பக் கட்டுப்பாடு உட்பட, சட்டம் அனுமதிக்கும் மகளிர் மருத்துவ, மகப்பேறு சேவைகள் அனைத்துக்கும் வழிகாட்டி அனுப்பத் தயாராக உள்ள அமைப்புகளுக்கு வலுவான முன்னுரிமை தரப்படும்.

முன்னுரிமை. கட்டாயம் என்றில்லை. தகுதி நிபந்தனை என்றும் இல்லை. வெளியிலிருந்து வந்த மதிப்பீட்டாளர்கள் போட்ட மதிப்பெண்ணில் இதற்கென்று ஓர் இடமும் இல்லை. பேரவை விண்ணப்பித்தது, மதிப்பெண் பட்டியலில் மேலேயும் வந்தது. ஆனால் நாட்டை மூன்றாகப் பிரித்து ஹார்ட்லேண்ட், டாபெஸ்ட்ரி, அகதிகள் குடியேறிகளுக்கான அமெரிக்கக் குழு ஆகிய மூன்றுக்கும் பணத்தைக் கொடுத்தார்கள். அதில் இரண்டு அமைப்புகள் பேரவையைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்றவை. துறைக்குள்ளேயே சில ஊழியர்கள் இதை எதிர்த்ததாக வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. பேரவையின் தரப்பிலிருந்து, கத்தோலிக்கரைத் தவிர யாராக இருந்தாலும் சரி என்பதுதான் இந்தத் துறையின் எழுதப்படாத விதி என்று கேலி வந்தது. 2011 டிசம்பர் 1 அன்று டேரல் ஐசா தலைமையிலான நாடாளுமன்ற மேற்பார்வைக் குழு விசாரணை வைத்தது. துறை சார்பில் பதில் சொன்ன ஜார்ஜ் ஷெல்டன், பாதிக்கப்பட்டவர்களுக்கு எது தேவையோ அதைப் பார்த்தே முடிவெடுத்தேன் என்று நின்றார்.

ஷெல்டன் சொன்னதன் சாரத்தில் எனக்கு மறுப்பில்லை. பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கான சேவையில் மகளிர் மருத்துவம் ஓர் ஓரத்துச் சமாச்சாரம் இல்லை, நடுவில் இருக்க வேண்டியது. ஆனால் அவ்வளவு முக்கியம் என்றால் அறிவிக்கையின் முதல் பக்கத்திலேயே கட்டாயம் என்று எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் பேரவை விண்ணப்பித்தே இருக்காது, அல்லது விண்ணப்பித்துத் தகுதி நீங்கியிருக்கும், அதோடு முடிந்தது. கட்டாயம் என்று எழுதினால் மதத் தரப்போடு நேரடி மோதல் வரும் என்று தயங்கியிருப்பார்கள் என்பது என் ஊகம். முன்னுரிமை என்று மென்று விழுங்கியதால் மோதல் நிற்கவில்லை, கோபத்தோடு பாரபட்சக் குற்றச்சாட்டும் சேர்ந்துகொண்டது. எல்லோரும் எதற்காகச் சண்டை போட்டார்களோ அந்தக் கேள்விக்கு 2005இலும் மதிப்பெண் இல்லை, 2011இலும் இல்லை. முதல் தடவை தெரிந்தே விட்டுவிட்டார்கள், இரண்டாம் தடவை மதிப்பெண் போட்ட பிறகு உள்ளே கொண்டுவந்தார்கள்.

இந்த மாற்றத்தில் யாரும் அதிகம் பேசாத ஒரு சங்கதி உண்டு. தலைக்கணக்கு முறை அப்படியே தொடர்ந்தது. ஒரே வாசல் மூன்று வாசலானது என்னவோ உண்மை, ஆனால் பிரித்தது பகுதி வாரியாக. ஆக, ஒரு பகுதியில் இருக்கும் பெண்ணுக்கு இன்னமும் ஒரு வாசல்தான். வாசலில் நிற்பவர் மாறியிருக்கிறார்.

தீர்ப்பு வந்தது, பிறகு காணாமல் போனது

2012 மார்ச்சில் ஸ்டெர்ன்ஸ் தீர்ப்பளித்தார். வரிப்பணத்தை வைத்துக்கொண்டு தன் நம்பிக்கையை மற்றவர்மேல் திணிக்கும் அதிகாரத்தை அரசு ஒரு மத அமைப்பிடம் ஒப்படைக்க முடியாது, அப்படிச் செய்தது, அரசு எந்த மதத்தையும் தூக்கிப்பிடிக்கக் கூடாது என்கிற அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்துக்கு விரோதம் என்றார். பேரவைக்கு நம்பிக்கை இருப்பதையோ அது அரசுப் பணம் பெற்றதையோ அவர் தவறென்று சொல்லவில்லை. குற்றம் அரசின்மேல்.

பேரவை மேல்முறையீடு செய்தது. 2013 ஜனவரியில் முதல் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒப்பந்தம் எப்போதோ முடிந்துவிட்டது, இனி இதில் தீர்க்க ஒன்றுமில்லை என்று சொல்லி, ஸ்டெர்ன்ஸின் தீர்ப்பையும் ரத்து செய்துவிட்டது. நான்கு வருட வழக்கு, ஒரு நல்ல தீர்ப்பு, கையில் எதுவும் மிச்சமில்லை. இன்னொரு வழக்கில் யாரும் அதை முன்னுதாரணமாகக் காட்டிக் கட்டாயப்படுத்த முடியாது. மானிய வழக்குகளின் சாபமே இதுதான். ஒப்பந்தத்தின் ஆயுள் நீதிமன்றத்தின் வேகத்தைவிடக் குறைவு. 2018இல் கலிபோர்னியாவில், பெற்றோர் துணையின்றி நாட்டுக்குள் வந்த குழந்தைகளுக்கான மானியங்களில் இதே போன்ற நிபந்தனைகளை எதிர்த்து ஏசிஎல்யூ போட்ட வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது.

இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆள்கடத்தல் சட்டத்தின் 2003 திருத்தம், பாலியல் தொழிலைச் சட்டபூர்வமாக்க ஆதரவு தரும் அமைப்புக்கு மானியம் இல்லை என்றது. அதே ஆண்டின் எய்ட்ஸ் நிதிச் சட்டத்திலும் கிட்டத்தட்ட அதே நிபந்தனை. எய்ட்ஸ் சட்டத்தின் நிபந்தனையை 2013 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6க்கு 2 என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது, காசு கொடுப்பதால் அமைப்பின் கொள்கையையும் சேர்த்து வாங்க முடியாது என்று. அரசு மானியம் வாங்குபவர்மேல் வைக்கும் நிபந்தனைக்கு எல்லை வகுத்துவிட்டார்கள். மானியம் வாங்கியவர் தனக்குக் கீழே இருப்பவர்மேல் வைக்கும் நிபந்தனைக்கு எல்லை எங்கே என்பதற்கு ஸ்டெர்ன்ஸ் ஒரு பதில் சொன்னார், அது நிற்கவில்லை.

கடலுக்கு அந்தப் பக்கம்

அமெரிக்காவில் வாய்ப்பை இழந்த சால்வேஷன் ஆர்மிக்கு 2011 ஜூலையில் பிரிட்டனில் கிட்டத்தட்ட அதே வேலை கிடைத்தது. அங்கே 2003இல் இருந்து ஈவ்ஸ் என்ற பெண்கள் அமைப்பு அரசு நிதியில் பாப்பி என்ற திட்டத்தை நடத்திவந்தது. அரசு அதைப் போட்டி ஒப்பந்தமாக மாற்றி, ஆண்டுக்கு 20 லட்சம் பவுண்டு அளவில், இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் சேர்த்து ஒரே முதன்மை ஒப்பந்தக்காரராக சால்வேஷன் ஆர்மியை வைத்தது, கீழே துணை அமைப்புகள். ஈவ்ஸின் தலைவர் டெனிஸ் மார்ஷல், அரசு தரும் பணத்தில் அந்தப் பெண்களுக்குத் தேவையானதைச் செய்ய முடியாது என்று சொல்லித் தனக்குக் கிடைத்த ஓபிஇ என்ற பிரிட்டிஷ் அரசு விருதையே திருப்பிக் கொடுத்திருந்தார். ஈவ்ஸ் 2015இல் மூடப்பட்டது. 2017 டிசம்பரில் பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் அந்த ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தபோது, துணை அமைப்புகள் தரும் பராமரிப்பு எந்தக் குறைந்தபட்சத் தரத்தில் இருக்க வேண்டும் என்பதை உள்துறை வகுக்கவும் இல்லை, போய்ச் சோதிக்க ஓர் ஏற்பாடும் இல்லை என்று எழுதியது. மதம் அங்கே இந்த அளவுக்குத் தகராறாகவில்லை. பணம் போகிற வழி மட்டும் ஒன்றேதான்: மேலே ஒரு கையெழுத்து, கீழே பல அமைப்புகள், அவற்றுக்குள் என்ன நடக்கிறது என்பது மேலே இருப்பவர் சொன்னால்தான் அரசுக்குத் தெரியும்.

இப்படி ஒரு துணை ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் போகிற சின்ன அமைப்புக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், மேலே இருப்பவர் அரசுக்குக் கொடுத்த மூல விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இந்த விவகாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட அமைப்புகளைக் கட்டிப்போட்ட நிபந்தனை முதலில் எழுதப்பட்டது அங்கேதான். துணை அமைப்புகளின் கைக்குக் காகிதம் வந்தபோது பேசித் திருத்த எதுவும் மிச்சமிருக்கவில்லை.